இருபத்துநாலு எண்ணும்வரை

பத்தொன்பது வருடம் ஒரே வீட்டில் ஒரே குளியலறையைப் பங்குபோட்டு வாழ்ந்தும், தன் கணவர் பல் தேய்த்து அவள் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. மனிதர் உள்ளே போவார், தாழ்ப்பாள் விழும், கொஞ்ச நேரம் கழித்துப் பளபளவென்று வெளியே வருவார். இதை ஒரு மர்மம் என்று அவள் நினைத்ததே கிடையாது. ஆளுக்கொரு கிறுக்கு. இவருடையது தாழ்ப்பாள் கிறுக்கு என்று விட்டுவிட்டாள்.

மற்ற விஷயங்களில் எதையும் அப்படி விட்டுவிடுகிற பிறவி இல்லை அவள். நூற்று நாற்பது அறைகள் உள்ள ஒரு ஹோட்டலில் அவளுக்குச் சோதனை வேலை. துப்புரவுப் பெண்கள் ஓர் அறையை முடித்துவிட்டுப் போன பிறகு இவள் நுழைவாள். விளக்கை அணைப்பாள், திரையை இழுப்பாள், கையிலிருக்கும் டார்ச்சை மேஜைமேல் படுக்கவைத்து அடிப்பாள். மேலேயிருந்து விழும் வெளிச்சத்தில் எல்லாமே சுத்தமாகத்தான் தெரியும். பக்கவாட்டில் அடித்தால்தான் ஒவ்வொரு தூசியும் எழுந்து நின்று கைதூக்கும். இதனால் அவளுக்கு டார்ச்சக்கா என்று பெயர். முதுகுக்குப் பின்னால் வேறொரு பெயரும் உண்டு, அதுவும் அவளுக்குத் தெரியும்.

டார்ச்சக்காவிடம் இன்னொரு வித்தை இருந்தது. மிச்சமிருக்கும் அழுக்கைப் பார்த்தே அந்த அறையைத் துடைத்தது யார் என்று சொல்லிவிடுவாள். குழாயின் அடிப்பக்கம் விட்டுப்போயிருந்தால் அது நெட்டைப் பெண். கதவுக்குப் பின்னால் விட்டுப்போயிருந்தால் அது போனில் பேசிக்கொண்டே வேலை செய்பவள். ஒவ்வொரு கைக்கும் ஒரு பாதை உண்டு, தினமும் அந்தப் பாதையில்தான் போகும், தினமும் அதே இடத்தைத்தான் விடும் என்பது அவள் கண்டறிந்த உண்மை. வீட்டில் இதைச் சொன்னால் கணவர், "ஆமா ஆமா, பெரிய கண்டுபிடிப்பு" என்பார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. அவர் வாழ்ந்தது காதால்.

துறைமுக வாத்தியக் குழுவில் அவர் கிளாரினெட்காரர். பெரிய பயணிகள் கப்பல் கரையை விட்டுக் கிளம்பும்போதெல்லாம் முப்பது பேர் துறைமேடையில் வரிசையாக நின்று வழியனுப்பும் இசை வாசிப்பார்கள். அதில் முன்வரிசையில் இடது ஓரத்தில் நிற்பவர் இவர். இருபத்திரண்டு வருடமாக நிற்கிறார். கிளாரினெட்டை வாயில் வைக்கும்போது அதன் முனை மேல்வரிசை முன்பற்களில்தான் அழுந்தி உட்காரும். அந்தப் பற்கள் ஆடினால் வாத்தியம் ஆடும், வாத்தியம் ஆடினால் சுருதி ஆடும், சுருதி ஆடினால் பேண்ட் மாஸ்டரின் புருவம் ஆடும். ஒரு நாள் அது ஆடியது.

அன்று வீட்டுக்கு வந்தவர் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, கட்டைவிரலால் முன்பல் ஒன்றை மெதுவாகத் தள்ளிப் பார்த்தார். அது போனது. திரும்பி வந்தது.

"என்னங்க பண்றீங்க?" என்றாள் அவள்.

"ஒண்ணுமில்லை."

"ஒண்ணுமில்லைன்னா ஏன் முகம் இப்படிச் செத்துக்கிடக்கு?"

அவர் கிளாரினெட்டின் வாய்முனையை எடுத்து நீட்டினார். கறுப்பு முனையில், பல் பதியும் இடத்தில், மெல்லிய சிவப்புக் கோடு இருந்தது.

மறுநாளே பல் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். சின்ன உருவம், சிரித்த முகம், கறாரான பேச்சு என்று ஒரு பெண் டாக்டர். கோடு கோடாக அளவு போட்ட மெல்லிய கம்பி ஒன்றை ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே இறக்கி இறக்கி எடுத்து, ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு எண்ணைச் சொல்ல, உதவியாளர் எழுதிக்கொண்டார். "மூணு, ரெண்டு, மூணு... நாலு, நாலு..." என்று போய்க்கொண்டிருந்த குரல், மேல்வரிசை முன்பற்களின் உள்பக்கம் வந்ததும் நிதானித்தது. "ஆறு. ஏழு. ஆறு." மூலையில் உட்கார்ந்திருந்த டார்ச்சக்காவுக்கு இந்தக் கணக்கு புரியவில்லை, ஆனால் அந்த நிதானம் புரிந்தது. அவளே அப்படித்தான் குறிப்பேட்டில் எழுதும்முன் ஒரு நொடி நிற்பாள்.

"மூணு மில்லிமீட்டருக்குள்ள இருந்தா ஈறு பல்லைக் கெட்டியாப் பிடிச்சிருக்குன்னு அர்த்தம்," என்றார் டாக்டர். "ஏழுன்னா பல்லுக்கும் ஈறுக்கும் நடுவுல பை மாதிரி திறந்துடுச்சு. அதுக்குள்ள அழுக்கு இறங்கி இறுகிப்போய் எலும்பைக் கரைச்சிருக்கு. கரைஞ்ச எலும்பு பழையபடி வளராது. இருக்கிறதைக் காப்பாத்தலாம்."

"பல்லு?" என்றார் அவர்.

"உள்ள இறங்கியிருக்கிற காரையை நான் ரெண்டு தடவையா எடுத்துடறேன். அதுக்கப்புறம் உங்க கையிலதான் இருக்கு. தினமும் ரெண்டு வேளை பிரஷ், ஒரு வேளை இடுக்குல நூல். ஆறு வாரம் கழிச்சு மறுபடி அளப்பேன். குறைஞ்சிருந்தா பல் நிக்கும். குறையலேன்னா, இந்த ஒண்ணை எடுத்துத்தான் ஆகணும்."

"நான் ரெண்டு வேளையும் தேய்க்கிறேனே டாக்டர். இவளைக் கேளுங்க. இவளைவிட அதிக நேரம் தேய்க்கிறேன்."

அதைச் சொல்லும்போது குரல் உடைந்தது. தோளில் கை வைக்க வேண்டும்போல அவளுக்கு இருந்தது. கூடவே, வேலைப்புத்தி விடுமா, உள்ளுக்குள் ஒரு கேள்வியும் முளைத்தது. அவர் சொன்னது உண்மைதான். காலையில் குளியலறைக் கதவு இரண்டரை நிமிஷம் திறக்காது. அவ்வளவு நேரம் தேய்க்கிற ஆளுக்கு எப்படி ஏழு வரும்?

அவர்கள் கிளம்பும்போது டாக்டர் ஒரு சின்ன அட்டைப் பெட்டியைக் கொடுத்தார். உள்ளே சிவப்பு மாத்திரைகள். தேய்த்து முடித்த பிறகு ஒன்றைக் கடித்து மென்று வாய் கொப்பளித்தால், பிரஷ் படாமல் அழுக்குப் படலம் மிச்சமிருக்கும் இடங்களில் மட்டும் சாயம் ஒட்டிக்கொள்ளுமாம். டார்ச்சக்கா அதைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தாள். வாழ்நாள் முழுவதும் டார்ச்சைப் படுக்கவைத்துப் படுக்கவைத்து முட்டி தேய்ந்தவளிடம், அழுக்கு தானாகவே சிவந்து காட்டிக்கொடுக்கும் என்று சொன்னால் எப்படி இருக்கும்! ஹோட்டலுக்கும் இப்படி ஒன்று கிடைக்குமா என்று டாக்டரிடம் கேட்டே விட்டாள்.

வீட்டுக்கு வந்தால் நாத்தனார் காத்திருந்தார். கணவருடைய அக்கா, மேல்மாடியில் குடியிருக்கிறார், கழற்றி மாட்டும் பல்செட் போட்டவர். எது நடந்தாலும் அதற்கு ஏற்கெனவே ஒரு முடிவுரை வைத்திருப்பவர்.

"நான் அப்பவே சொன்னேன்," என்றார். என்ன சொன்னார், எப்போது சொன்னார் என்று யாருக்கும் தெரியாது. "நம்ம வம்சத்துக்கே பல்லு நிக்காதுப்பா தம்பி. அப்பாவுக்கு நாப்பத்தஞ்சுல போச்சு. சித்தப்பாவுக்கு நாப்பதுல. எனக்கு அதுக்கும் முன்னாடி. நீதான் கொஞ்சம் தாக்குப் பிடிச்சே. இதுக்குப் போய் டாக்டர், மாத்திரைன்னு எதுக்கு அலையறே?"

"வம்சம் வம்சம்னு சொல்லாதீங்க அண்ணி. அவர் ஏற்கெனவே பயந்துபோயிருக்கார்."

"பயந்தா பயப்படட்டும். உண்மையைத்தானே சொல்றேன்?"

கிளாரினெட்காரர் அறைக்குள் போய்விட்டார். அன்று மாலை அவர் வாசிக்கவில்லை. பத்தொன்பது வருடத்தில் அந்த வீட்டில் கிளாரினெட் கேட்காத மாலைகளை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். சாப்பிடும்போது, "ஊத முடியலேன்னா அப்புறம் நான் என்னதான் பண்ணுவேன் சொல்லு" என்றார். குழுவில் வேறு வேலை இருக்கும் என்று அவள் சொன்னாள். "வேலையைக் கேட்கலை," என்றார்.

டாக்டர் காரையை எடுத்து முடித்த அடுத்த வாரம், காலையில், அவர் தாழ்ப்பாள் போட்டுப் பல் தேய்த்து வந்ததும், அவள் மாத்திரையை நீட்டினாள். அவர் மென்று கொப்பளித்தார். சன்னலோரம் நாற்காலி போட்டு உட்கார வைத்து, டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்து, "ஆ காட்டுங்க" என்றாள்.

வெளிப்பக்கம் கண்ணாடி மாதிரி சுத்தம். கடைவாய்ப் பல்லின் மூலைகூடச் சுத்தம். குறையே சொல்ல முடியாது. பிறகு சின்னக் கண்ணாடியை உள்ளே விட்டுத் திருப்பினாள். மேல்வரிசை முன்பற்களின் பின்பக்கம், கோரைப்பல்லிலிருந்து கோரைப்பல் வரை, ரத்தச் சிவப்பாக ஒரு பட்டை. அதைத் தவிர, ஒவ்வொரு பல்லிடுக்கிலும் ஒரு சிவப்புக் கோடு. கீழ்வரிசையில் உள்பக்கம்கூடப் பிரமாதமாகத் தேய்த்திருந்தார்.

"மேல உள்பக்கம் மட்டும் தேய்க்கவே இல்லையே நீங்க."

"பிரஷ் அங்க போச்சே!"

"போச்சா?"

"சத்தியமாப் போச்சு. எனக்கே தெரியும்ல."

பொய் சொல்லும்போது அவருக்குக் காது சிவக்கும். இப்போது சிவக்கவில்லை. அதுதான் அவளைக் குடைந்தது. பிரஷ் போயிருக்கிறது, ஆனால் அழுக்கு அப்படியே இருக்கிறது. இப்படி ஓர் அறையை அவள் பார்த்ததே இல்லை.

"எங்க, நீ ஒண்ணு மெல்லு பார்ப்போம்," என்றார் அவர், வாயெல்லாம் சிவப்போடு. "ஊர்ல இருக்கிற அறையெல்லாம் சோதிக்கிறியே."

அவள் அலட்சியமாக ஒன்றை எடுத்து மென்றாள். கண்ணாடியில் பார்த்தாள். கீழ்வரிசை முன்பற்களின் பின்னால் கொழுகொழுவென்று ஒரு சிவப்பு வேலி, வலது கடைவாயில் ஒரு முழுப் பல். டார்ச்சக்காவின் வாயிலேயே துப்புரவு சரியில்லை என்பதில் அவருக்கு ஏற்பட்ட சந்தோஷம் சொல்லி மாளாது. பல் ஆடுகிற கவலையை மறந்து ஐந்து நிமிஷம் சிரித்தார். அவளுக்கு மானம் போயிற்று, ஆனால் அவர் சிரித்தது நிம்மதியாகவும் இருந்தது. தன் குற்றத்தின் காரணம் அவளுக்கு உடனே விளங்கிவிட்டது. ஆரம்பிப்பது எப்போதும் இடது பக்கம், வலது கடைவாய்க்கு வரும்போது பஸ்ஸுக்கு நேரமாகிவிடும். மறுநாளிலிருந்து வலப்பக்கம் ஆரம்பித்தாள், மூன்றே நாளில் அந்தப் பல் வெளுத்தது.

அவருடையதுதான் வெளுக்கவில்லை. தினமும் அதே பட்டை, அதே நீளம், அதே இடம். அவர் கூடுதல் கவனமாகத் தேய்க்கிறேன் என்றார், அப்போதும் அதே. பிரஷ்ஷை மாற்றினாள். தலை சின்னதாக, நார் மென்மையாக வாங்கி வந்தாள். அதே. பற்பசையை மாற்றினாள். அதே. வாரம் இரண்டு ஓடிவிட்டது.

நூல் விஷயத்தில் வேறு கூத்து. அது எப்போதோ வாங்கி, ஒரே ஒரு தடவை விட்டுப் பார்த்து, ரத்தம் வந்ததும் அலமாரிக்குள் போட்ட டப்பி. "காயம் ஆகுது, எதுக்கு?" என்பது அவர் கட்சி. இந்தத் தடவையும் முதல் நாளே ரத்தம். "பாத்தியா?" என்று நூலை அவள் முகத்துக்கு நேராக ஆட்டினார். அவள் டாக்டருக்குப் போன் போட்டாள்.

"நூலால ரத்தம் வரலை, ஈறு வீங்கியிருக்கிறதால வருது," என்றார் டாக்டர். "ரத்தம் வர்ற இடம்தான் நம்மளைக் கூப்பிடுற இடம். விட்டுட்டா இன்னும் வீங்கும். ஆனா வெடுக்குன்னு இறக்கக் கூடாது. முன்னும் பின்னும் அசைச்சு மெதுவா இறக்கி, ஒரு பல்லை அணைச்ச மாதிரி வளைச்சு, ஈறுக்குக் கொஞ்சம் உள்ள போய் மேலும் கீழும் வழிச்சு எடுக்கணும். அப்புறம் அடுத்த பல்லை அணைச்ச மாதிரி. பத்து நாள் விடாமப் பண்ணச் சொல்லுங்க."

இருவரும் குளியலறைக் கண்ணாடி முன்னால் தோளோடு தோள் நின்று, ஆளுக்கு ஒரு முழ நூலை நடுவிரல்களில் சுற்றிக்கொண்டு, வாயைக் கோணிக்கொண்டு பழகினார்கள். நூலுக்குத் தாழ்ப்பாள் வேண்டியிருக்கவில்லை, பிரஷ்ஷுக்குத்தான் வேண்டியிருந்தது. அது ஏன் என்று கேட்டாள். "பழக்கம்" என்றார். இந்தத் தடவை காது சிவந்தது. ஒன்பதாம் நாள் நூலில் ரத்தம் இல்லை. மனிதர் அந்த வெள்ளை நூலை விளக்குக்கு நேராகத் தூக்கிப் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

ஆக, இடுக்கு வழிக்கு வந்துவிட்டது. உள்பக்கப் பட்டை மட்டும் பிடிவாதமாக நின்றது. அளக்கும் நாளுக்கு மூன்று வாரம்தான் இருந்தது. அவளுக்குத் தூக்கம் கெட்டது. ஹோட்டலில் பாத்டப்பைப் பார்த்தால் பல் வரிசை தெரிந்தது.

கடைசியில் வெட்கத்தை விட்டுவிட்டுக் கதவில் காதை வைத்தாள். உள்ளே கிர், கிர், கிர்ரென்று சத்தம். சீராக இல்லாமல், இரண்டு நீளமாக, மூன்று குட்டையாக, கொஞ்சம் வேகமெடுத்து, கொஞ்சம் இழுத்து. பிறகு திடீரென்று நின்றது. தண்ணீர்ச் சத்தம் இல்லை, துப்பும் சத்தம் இல்லை. சுத்த அமைதி. என்ன செய்கிறார் இந்த மனுஷன்? பிரஷ்ஷை வாயில் வைத்துக்கொண்டு யோசிக்கிறாரா? பன்னிரண்டு நொடி. மறுபடி விருட்டென்று சத்தம் ஆரம்பித்தது, நிற்காமல் ஓடியது, முடிந்தது. அடுத்த நாளும் கேட்டாள். அதே இரண்டு நீளம், மூன்று குட்டை, அதே இடத்தில் அதே பன்னிரண்டு நொடி.

"என்னம்மா, சொந்த வீட்டுலயே ஒட்டுக் கேக்கறே?" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. நாத்தனார், கையில் கறிவேப்பிலைக் கிண்ணத்தோடு.

"உள்ள பிரஷ் நிக்குது அண்ணி."

"என்ன நிக்குது?"

"பிரஷ்."

நாத்தனார் அவளை ஒரு மாதிரி பார்த்துவிட்டு மாடிக்குப் போய்விட்டார்.

சனிக்கிழமை அவருக்கு ஒத்திகை. சாவியை மறந்து போய்விட்டார், கொடுக்கப் போனவள் ஒத்திகைக் கூடத்தின் பின்வரிசை பெஞ்சில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தாள். இத்தனை வருடத்தில் அவள் அந்த வழியனுப்பும் இசையை ஆயிரம் தடவை கேட்டிருப்பாள். ஆனால் கேட்டாள் என்றா சொல்ல முடியும்? காய் நறுக்கும்போது, துணி மடிக்கும்போது காதோரம் போனது, அவ்வளவுதான். இன்றும் அப்படித்தான் ஹோட்டல் குறிப்பேட்டைப் புரட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

கிளாரினெட்டுகள் ஆரம்பித்தன. இரண்டு நீளம். மூன்று குட்டை. கொஞ்சம் வேகம். கொஞ்சம் இழுப்பு.

அவள் கையிலிருந்து குறிப்பேடு நழுவியது. இது அவளுக்குத் தெரிந்த சத்தம். கதவுக்கு இந்தப் பக்கம் நின்று அவள் கேட்ட அதே சத்தம்!

அவள் அவரையே பார்த்தாள். பாட்டு ஏறி ஏறி ஓர் உச்சிக்குப் போய், அங்கே கிளாரினெட்டுகள் சட்டென்று ஓய்ந்தன. டிரம்பெட்டுகள் புகுந்து முழங்க ஆரம்பித்தன. அவள் கணவர் வாத்தியத்தை வாயிலிருந்து எடுக்காமல், ஆடாமல் அசையாமல் நின்றார். வலது காலின் பெருவிரல் மட்டும் செருப்புக்குள் எண்ணிக்கொண்டிருந்தது. அவளும் எண்ணினாள். இருபத்துநாலு. பன்னிரண்டு நொடி. டிரம்பெட் முடிந்ததும் கிளாரினெட்டுகள் விருட்டென்று கிளம்பி ஓடின.

அவளுக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. ஒத்திகை முடியும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வெளியே வந்ததும் வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"நீங்க பாட்டுக்கு ஏத்த மாதிரிதான் பல்லு தேய்க்கறீங்க."

இரண்டு காதும் சிவந்துபோயின. டிரம்பெட்காரர்கள் கேட்டுவிடப் போகிறார்களே என்று அவளை மரத்தடிக்கு இழுத்துப்போனார்.

"சின்ன வயசுலேர்ந்து அப்படித்தான்," என்றார். "மனசுக்குள்ள வாசிச்சாத்தான் கை போகும். சும்மா தேய்க்கச் சொன்னா எங்க ஆரம்பிக்கிறதுன்னே தெரியாது. யாராவது பாத்தா சிரிப்பாங்கன்னு..."

"அதுக்குத்தான் தாழ்ப்பாளா?"

"ம்."

"மேல்வரிசை வெளிப்பக்கம் முதல் பகுதி. சரியா? அது முடிஞ்சு பிரஷ் உள்பக்கம் வரும்போது டிரம்பெட் வருது."

அவர் மனசுக்குள் ஓட்டிப் பார்ப்பது முகத்தில் தெரிந்தது. உதடு அசைந்தது. கை தானாக வாய்க்குப் போய், ஒரு பிரஷ் இருப்பதுபோல் மேல்வரிசைக்குப் பின்னால் நின்றது. நின்றே இருந்தது.

"அங்கதான் நிறுத்தி எண்ணுவேன்," என்றார் மெதுவாக. "அதுக்கப்புறம் கிளாரினெட் கீழ்ப்பல்லுக்குப் போயிடும். நான் சொன்னேன்ல, பிரஷ் அங்கதான் இருக்குன்னு. இருந்ததுடி. சும்மா இருந்துருக்கு."

எத்தனை வருடம், ஒரு நாளைக்கு எத்தனை தடவை என்று கணக்குப் போட இருவருக்குமே தைரியம் வரவில்லை.

"அந்த இருபத்துநாலையும் நீங்களே வாசிச்சிடுங்க," என்றாள் அவள். "நிறுத்தாதீங்க. உள்பக்கம், ஈறை ஒட்டி, சின்னச் சின்னதா."

"அது டிரம்பெட்டோட இடம்."

"குளியலறையில எங்கேங்க டிரம்பெட்?"

"உனக்குப் புரியாது. அடுத்தவன் வாசிக்கிற இடத்துல புகுந்து வாசிக்கிறது மகா பாவம். மாஸ்டர் தொலைச்சுப்போடுவார்."

மாஸ்டர் நம் குளியலறைக்கு வரமாட்டார் என்று சொல்லிப் பார்த்தாள். பாட்டையே மாற்றச் சொல்லிப் பார்த்தாள். இருபத்திரண்டு வருடப் பழக்கம், வேறு பாட்டு கைக்கு வராது என்றார். அவளுக்குக் கோபம் தலைக்கேறியது. "அப்ப டிரம்பெட்டுக்கு மரியாதை குடுத்துட்டுப் பல்லைக் கழட்டிக் குடுத்துடுங்க!" என்று கத்திவிட்டாள். தெருவில் போன இருவர் திரும்பிப் பார்த்தார்கள்.

மறுநாள் காலை அவர் குளியலறைக்குப் போனார். தாழ்ப்பாள் விழவில்லை. அவள் வந்து கதவருகில் நின்றாள். இரண்டு நீளம், மூன்று குட்டை. உச்சி வந்தது. பிரஷ் உள்பக்கம் போய் நின்றது. கண்ணாடியில் அவர் கண் அவளைப் பார்த்தது. அவள் இரண்டு கையையும் வாய்க்கு முன்னால் குவித்துக்கொண்டு, தனக்குத் தெரிந்த லட்சணத்தில், "பப்பப் பாம், பப்பப் பாம்" என்று டிரம்பெட் வாசித்தாள். சுருதியும் கிடையாது, தாளமும் கிடையாது. அவருக்குச் சிரிப்பில் நுரை தெறித்தது. ஆனால் பிரஷ் நகர்ந்தது. டிரம்பெட்டின் இடத்தில் புக டிரம்பெட்டே அனுமதித்துவிட்டது என்று எடுத்துக்கொண்டாரோ என்னவோ, பாம் பாம் முடிகிற வரைக்கும் மேல்வரிசைக்குப் பின்னால் ஒவ்வொரு பல்லாக நகர்ந்தது.

மூன்று வாரம், இரண்டு வேளையும், அவள் டிரம்பெட் ஊதினாள். சில நாள் பஸ் தவறியது. மாத்திரை போட்டுப் பார்த்தார்கள். பட்டை முதலில் திட்டுத்திட்டானது, பிறகு புள்ளிகளானது, பிறகு தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. பல்லின் ஆட்டம் குறைந்ததா என்று அவர் தள்ளிப் பார்க்கக் கை கொண்டுபோனபோதெல்லாம் அவள் அந்தக் கையில் ஒரு போடு போட்டாள்.

ஆறாவது வாரம். அதே நாற்காலி, அதே கம்பி. டார்ச்சக்கா மூலையில் உட்கார்ந்து கைப்பையைப் பிசைந்துகொண்டிருந்தாள். "மூணு, ரெண்டு, ரெண்டு..." டாக்டரின் குரல் சுற்றிக்கொண்டு மேல்வரிசை உள்பக்கம் வந்தது. நிதானித்தது.

"மூணு," என்றார் டாக்டர். "நாலு. மூணு."

உதவியாளர் எழுதினார். டாக்டர் ஒரு விரலால் பல்லைத் தொட்டு அசைத்துப் பார்த்தார்.

"நிக்குது," என்றார். "மூணு மாசத்துக்கு ஒரு தடவை என்கிட்ட வரணும். வீட்டுல பண்றதை ஒரு நாள்கூட விடக் கூடாது. ஆனா நிக்குது. நீங்க ஊதலாம்."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் மனிதர் தரையில் நடக்கவில்லை. நாத்தனார் கீழே சமையலறை மேஜையில் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார். "அக்கா, பல்லு நிக்குது! ஏழு நாலாயிடுச்சு!" என்று கத்திக்கொண்டே போய்க் கிளாரினெட்டை எடுத்துக்கொண்டு அறைக்குள் நுழைந்தார். சற்று நேரத்தில் அங்கிருந்து வழியனுப்பும் இசை கிளம்பி வீட்டை நிறைத்தது.

நாத்தனார் பட்டாணி உரிப்பதை நிறுத்திவிட்டார். "அப்பவே சொன்னேன்" என்று வரும் என டார்ச்சக்கா எதிர்பார்த்தாள். வரவில்லை.

"அப்போ வம்சம்னு நான் சொன்னது?" என்றார் கடைசியில்.

"வம்சமும் கொஞ்சம் உண்டாம் அண்ணி. டாக்டரே சொன்னாங்க. சில குடும்பத்துல ஈறு சீக்கிரம் கெடுமாம்."

"கொஞ்சம்தானே?"

டார்ச்சக்கா தலையசைத்தாள்.

"முப்பத்தெட்டு வயசுல எனக்கு முதல் பல்லை எடுத்தாங்க," என்றார் நாத்தனார். "அதுக்கு முன்னாடி ரெண்டு வருஷம் ரத்தம் வந்துச்சு. ரத்தம் வருதுன்னு பயந்து அந்தப் பக்கம் தேய்க்கறதையே விட்டேன். அப்பாவும் அப்படித்தான் விட்டார், அவரைப் பாத்துத்தான் நானும் விட்டேன். ஒருத்தரும் சொல்லலை. நானும் கேக்கலை. எடுக்க எடுக்க, வம்சம் வம்சம்னு சொல்லிச் சொல்லியே எல்லாத்தையும் குடுத்துட்டேன்."

இத்தனை நாள் இந்த வாய்க்குப் பயந்துதானே விலகி விலகிப் போனோம் என்று நினைத்தபோது டார்ச்சக்காவுக்குத் தன்மீதே கோபம் வந்தது. நாற்காலியை இழுத்து அருகில் போட்டு உட்கார்ந்தாள்.

நாத்தனார் பல்செட்டைக் கழற்றிப் பட்டாணித் தோல்களுக்கு நடுவே மேஜைமேல் வைத்தார். கன்னம் ஒடுங்கியது. வாயைத் திறந்தார்.

"எட்டு இருக்கு," என்றார், குழறலாக. "என் சொந்தப் பல்லு. இதுல எது நிக்கும், பாத்துச் சொல்லு."

"நான் பாத்துச் சொல்ல முடியாது அண்ணி. டாக்டர் அளந்துதான் சொல்லணும். நாளைக்குக் காலையில லீவு போடறேன், நாம ரெண்டு பேரும் போவோம்."

"நாளைக்கா?" என்றார் நாத்தனார். பல்செட்டை எடுத்து மறுபடி மாட்டிக்கொண்டார், எழுந்து கையைத் துடைத்துக்கொண்டார். "இன்னிக்கு எத்தனை மணி வரைக்கும் இருப்பாங்கன்னு கேளு."